முந்நூறு டைரக்டரிகள் எதற்கு?

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஓர் இணையதளம் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் உடனே திறந்து பார்த்தேன். பின்மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை பிசுபிசுத்துப் போனால் அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவது எப்படி என்று நீ எழுதியிருக்கும் பக்கம் மிக நன்றாக வந்திருக்கிறது. நான் இன்னும் அதே இணையதளப் பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறேன். கண்ணாடியின் பவர் மட்டும் கூடியிருக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் தளத்தை முந்நூறு டைரக்டரிகளில், அதாவது இணையதளங்களைத் தலைப்புவாரியாகப் பட்டியலிடும் தளங்களில், பதிவு செய்து தருவதாகவும், அதன் பிறகு கூகுளில் தேடுபவர்களுக்கு அது முதல் பக்கத்திலேயே வரும் என்றும் ஒருவர் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். பணம் கட்டலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அவர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததைத்தான் அவர் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

யாஹூ தொடங்கியதே ஒரு டைரக்டரியாகத்தான். 1994-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கி வைத்த பட்டியல் அது. 1998-இல் தொடங்கிய டிமாஸ் (DMOZ) என்ற டைரக்டரி இன்னும் சுவாரசியமானது. அங்கே எந்தத் தளத்தைச் சேர்ப்பது, எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதைத் தன்னார்வத் தொகுப்பாளர்களே படித்துப் பார்த்து முடிவு செய்தார்கள். 2017 மார்ச்சில் மூடப்பட்டபோது அதில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. யாஹூ டைரக்டரியில் வணிகத் தளங்கள் ஆண்டுக்கு 299 டாலர் கட்ட வேண்டியிருந்த காலமும் உண்டு; அந்தப் பணமும் பரிசீலனைக்குத்தானே தவிர, இடம் கிடைக்கும் என்ற உறுதிமொழிக்கு அல்ல. யாஹூ டைரக்டரி 2014-இன் இறுதியில் மூடப்பட்டது. டிமாஸின் பட்டியலை எடுத்தாண்ட கூகுளின் சொந்த டைரக்டரி அதற்கும் முன்பாக, 2011-இலேயே நின்றுபோயிருந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் பதிவுகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தக் கூகுள் பயன்படுத்திய பேஜ்ரேங்க் முறை ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. அதிலும், பரிந்துரைக்கும் பக்கத்தின் செல்வாக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அந்தப் பரிந்துரையின் எடையும் கூடியது. விஷயம் தெரிந்த ஒரு மனிதர் படித்துப் பார்த்து, சரியான தலைப்பின் கீழ் சேர்த்த இணைப்பு என்றால் அது உண்மையிலேயே ஒரு சான்றுதான். இதைக் கண்டுகொண்டவர்கள் என்ன செய்தார்கள்? மனிதர்களை நீக்கிவிட்டு இணைப்பை மட்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆயத்த மென்பொருளை நிறுவினால் ஒரே மாலையில் ஒரு டைரக்டரி தயார். யார் எதைச் சமர்ப்பித்தாலும் ஏற்றுக்கொள்ளும். பணம் கொடுத்தால் முதல் வரிசையில் வைக்கும்.

அவர் உனக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து ஒன்றைத் திறந்து பார்த்தேன். முகப்பில் கலை, வணிகம், கல்வி, உடல்நலம் என்று இரண்டு வரிசைகளில் தலைப்புகள். ‘கலை’யைத் தட்டி, ‘புகைப்படம்’ வரைக்கும் போனால் முதலில் நிற்பது உடனடிக் கடன் தரும் ஒரு தளம். அடுத்தது எடை குறைப்பு மாத்திரை. அதற்கும் கீழே ஒரு சூதாட்டத் தளம். நான்காவதாகத்தான் திருமணப் புகைப்படக்காரர் ஒருவர் வருகிறார். அவருடைய இணைப்பைத் தட்டினால் தளமே இல்லை. பக்கத்தின் அடியில் ‘இன்றே சமர்ப்பியுங்கள்’ என்று ஒரு பொத்தான் மட்டும் பளபளவென்று இருக்கிறது. கேமராவில் ஷட்டர் சிக்கிக்கொண்ட ஒருவர் வழி தேடி இந்தப் பக்கத்துக்கு வருவார் என்று உனக்குத் தோன்றுகிறதா? வாசகரே இல்லாத இடத்தில்தான் உன் பெயரை எழுதி வைக்கக் காசு கேட்கிறார்கள்.

கூகுளும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2012 ஏப்ரலில் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த ‘பெங்குயின்’ என்ற மாற்றம் இத்தகைய இணைப்புகளைக் குவித்து வைத்திருந்த தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. தரமற்ற டைரக்டரிகளிலிருந்து வரும் இணைப்புகள், தேடல் வரிசையை வளைப்பதற்கான இணைப்பு மோசடிக்கு ஓர் எடுத்துக்காட்டாக அவர்களுடைய விதிகளிலேயே இடம்பெற்றுள்ளன. 2016-க்குப் பிறகு அணுகுமுறை சற்று மாறியது: இப்படிப்பட்ட இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், அளவு மீறிப் போனால் மட்டும் ஆள் வைத்துப் பார்த்து நடவடிக்கை எடுப்பதுண்டு. ஆகவே நீ பணம் கட்டினால் தளம் அழிந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். அநேகமாக ஒன்றுமே நடக்காது. இந்த வியாபாரத்தின் அடுத்த கட்டம்தான் வேடிக்கை. முந்நூறு இணைப்புகளை வாங்கியவரிடமே பிறகு வந்து, ‘உங்கள் தளத்துக்கு நச்சு இணைப்புகள் வந்திருக்கின்றன, நீக்கித் தருகிறோம்’ என்று இன்னொரு கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு வருத்தமும் உண்டு. டிமாஸில் ஒரு சிறிய தலைப்பைத் தன் சொந்தத் தோட்டமாகக் கவனித்து, செத்துப்போன இணைப்புகளைக் களைந்து, புதிதாக வந்ததைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு தொகுப்பாளரின் தேர்வுக்கு இருந்த ருசி இயந்திரத் தேடலில் வருவதில்லை. அந்த வேலையை இப்போது செய்பவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள், நீ போக வேண்டியதும் அங்கேதான். பழைய கேமரா சேகரிப்பவர்களின் சங்கங்கள் பலவற்றில் ‘பயனுள்ள தளங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். ஃபிலிம் விற்பவர்கள் சிலர் பழுதுபார்ப்பவர்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். கையேடுகளை ஸ்கேன் செய்து சேமித்து வைக்கும் ஆர்வலர்களும் உண்டு. அவற்றில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தை உண்மையிலேயே படித்துவிட்டு, உன் நுரைப்பட்டைக் கட்டுரை அவர்களுடைய வாசகருக்கு எங்கே உதவும் என்று நான்கு வரி எழுதி அனுப்பு. பாதிப் பேர் பதில் எழுத மாட்டார்கள். சேர்ப்பவர்களில் சிலர் ‘நோஃபாலோ’ என்ற குறியோடு சேர்க்கலாம். 2005-இல் வந்த அந்தக் குறி, இந்த இணைப்பை என் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது. அதற்காக முகம் சுளிக்காதே, அந்த வழியாக ஆள் வந்தால் போதும்.

ஒவ்வோர் இடத்துக்கும் அறிமுகத்தைத் தனித்தனியாக எழுது. தளத்தின் பெயரும் முகவரியும் மட்டும் எல்லா இடத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். தலைப்பில் ‘சிறந்த’, ‘மலிவான’, ‘நம்பர் ஒன்’ போன்ற சொற்களைத் திணிக்காதே. தொகுப்பாளர் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். பதிவுப் படிவங்களில் கொடுப்பதற்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள், இல்லையென்றால் உன் பெட்டி குப்பையால் நிரம்பிவிடும். ‘நீ எங்களுக்கு இணைப்பு கொடுத்தால்தான் நாங்கள் கொடுப்போம்’ என்று படிவத்திலேயே நிபந்தனை போடும் டைரக்டரியை அந்த இடத்திலேயே மூடிவிடு.

தேடுபொறிக்கு உன் தளம் இருப்பதைத் தெரிவிக்க இடைத்தரகர் எவரும் தேவையில்லை. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். தளம் உன்னுடையதுதான் என்று நிரூபித்தவுடன் உன் சைட்மேப்பை, அதாவது உன் பக்கங்களின் முகவரிப் பட்டியலை, அங்கே கொடுத்துவிடலாம். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை அனுமதி உண்டு என்பதால் உன் பக்கங்களுக்கு அது தாராளம். பிறகு எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உன் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் தட்டினார்கள் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். முதலில் சில வாரங்களுக்கு எண்கள் சோம்பலாகத்தான் நகரும். நீ சற்றும் எதிர்பாராத ஒரு கேமரா மாடலின் பெயரைத் தேடி ஆட்கள் வருவதைக் காண்பாய், அடுத்த கட்டுரையை அதைப் பற்றி எழுது.

சங்கங்களுக்கு அனுப்பும் அறிமுக வரிகளை எழுதியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்று: அந்த நபர் ‘வேலை சுலபமாக இருக்கும்’ என்று உன் தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டாரா? டைரக்டரியில் பதிவு செய்ய அது எதற்கும் தேவைப்படாது. பேச்சுவாக்கில் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடு.

அன்புடன்,
செழியன்