வெட்டிய கருவையை என்ன செய்வது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடியை வெட்டிக் குவித்திருக்கிறார்கள், அதை எரித்துத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தாய். எங்கள் முதுகுளத்தூர்ச் சீமையில் சீமைக்கருவைக்கும் இதே கேள்விதான். இங்கே மூட்டம் போட்டுக் கரி விற்பது பழைய தொழில். ஆனால் பெரும்பாலும் தூரை விட்டுவிட்டு வெட்டுவார்கள். மழை பெய்ததும் ஒரு தூரிலிருந்து பத்துக் கிளை கிளம்பும்.

இந்தக் கோடையில் எங்கள் தரிசில் தூரோடு பிடுங்கிவிட்டோம். விற்கவில்லை, பயோசார், அதாவது மண்ணில் உரத்தோடு கலந்து போடும் கரி ஆக்கினோம். அடி குறுகி வாய் அகன்ற குழி வெட்டி, சுள்ளியை அடுக்கி உச்சியில் தீ வைக்க வேண்டும். மேலே எரியும் தீ காற்றை அடியில் இறங்கவிடாது. அதனால் அடியில் இருப்பது சாம்பலாகாமல் கரியாகிறது. விறகின்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்ததும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தாமதித்தால் கரியும் எரிந்து சாம்பலாகிவிடும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி நன்றாக அணைத்துவிட வேண்டும். பதமாக வெந்த கரி கையில் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். பிசுபிசுவென்று ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். நாலு கிலோ காய்ந்த விறகுக்கு ஒரு கிலோ தேறினால் நல்லது.

சரி, முக்கியமான விஷயம். வெறும் கரியை மண்ணில் கொட்டிவிடாதே. பயிருக்குப் போகவேண்டிய தழைச்சத்தை முதலில் அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். தொழுவுரமும் கோமியமும் கலந்து சில வாரம் ஊறவைத்த பிறகு போடு. அப்புறம், கரிக்குக் காரத்தன்மை உண்டு. எங்கள் பக்கம் ஏற்கெனவே உவரும் களருமான நிலம். அதனால் மண் பரிசோதனை செய்து, கொஞ்சமாகத்தான் போடுகிறோம். உங்கள் ஊர் மண் புளிப்பு மண். காப்பிக்கும் மிளகுக்கும் அங்கே இது எங்களுக்கு உதவுவதைவிட நன்றாக உதவும் என்று நினைக்கிறேன். தேயிலைக்கு வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

இதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. கரிக்கு நல்ல விலை வந்துவிட்டால், அதற்காகவே கருவையை வளர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கருவை, உண்ணி போன்ற அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் மாநில அரசு கொள்கையே வெளியிட்டது. மரம் போன இடத்தில் என்ன வளரப்போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கண்மாய்க்குள் நிற்கும் கருவையை ஒரே மூச்சில் அழிக்கச் சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நாரையும் கொக்கும் அதில்தானே கூடு கட்டுகின்றன? பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிற ஊர் இது. நாட்டுக்கருவேலங்கன்றுகள் தலைதூக்கட்டும், அதுவரை பகுதி பகுதியாக எடுப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

உண்ணி போன இடத்தில் உங்கள் பக்கம் புல் முளைக்கிறதா, இல்லை திரும்ப உண்ணியேதானா? மறக்காமல் எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்து