ஆள்தேர்வு மென்பொருளின் ஏ.ஐ. இணைப்பில் பிழையான கருவி விளக்கங்கள்: புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், ஆள்தேர்வு நிறுவனம், கோயம்புத்தூர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கருவி விளக்கங்களில் உள்ள பிழையால் 23 பேருக்கு நிராகரிப்பு அஞ்சல் போனது குறித்து.

ஐயா / அம்மையீர்,

நான்கு ஆண்டுகளாக எங்களிடம் வரும் எல்லா விண்ணப்பங்களையும் உங்கள் மென்பொருளில்தான் வைத்திருக்கிறோம். இதுவரை ஒரு புகார்கூடச் செய்ததில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏ.ஐ.யை மற்ற மென்பொருள்களுடன் இணைக்கும் பொது நெறிமுறையான எம்.சி.பி. வழியாக நீங்கள் இணைப்பு தந்தவுடன், சொன்ன வேலையைத் தானே செய்யும் எங்கள் ஏ.ஐ. ஏஜென்டை அதனுடன் சேர்த்தோம். அந்த இணைப்பில் உள்ள ஒவ்வொரு செயலும் ஒரு 'கருவி'; அது என்ன செய்யும் என்று ஏஜென்ட் தெரிந்துகொள்வது நீங்கள் எழுதிய விளக்கத்திலிருந்துதான். கடந்த மாதம் ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு சி.என்.சி. (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். மொத்தம் 64 விண்ணப்பங்கள். இரண்டு ஆண்டு அனுபவம் இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கும்படி ஏஜென்டிடம் சொன்னேன். பிரித்து வைக்கத்தான் சொன்னேன். கால் மணி நேரத்தில் 23 பேருக்கு நிராகரிப்பு அஞ்சல் போய்விட்டது. அவர்களில் 17 பேர் முழுத் தகுதி உள்ளவர்கள்.

அன்று இரவு எட்டரை மணிக்கு அவர்களில் ஒருவர் அழைத்தார். லேத்திலும் சி.என்.சி.யிலுமாக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலைவாய்ப்பு முகாமில் என் எதிரே உட்கார்ந்து, சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியவர். வார இறுதியில் நேர்காணல் இருக்கும் என்று நான் சொன்னதை நம்பி, இப்போது இருக்கும் வேலையில் விடுப்புக்கும் சொல்லி வைத்திருந்தார். அவருக்குத்தான் 'தங்கள் அனுபவம் போதுமானதாக இல்லை' என்று அஞ்சல் போயிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. தன்னிடம் என்ன குறை என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து உங்கள் கருவிகளின் விளக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அனுபவம் என்ற புலத்துக்கு, அதாவது அந்தத் தகவல் பதியும் கட்டத்துக்கு, நீங்கள் எழுதியிருப்பது 'எண்' என்ற ஒரே சொல். இணையப் படிவத்தில் வரும் விண்ணப்பங்களில் அந்த எண் மாதக் கணக்கு. முகாமில் எழுதி வாங்கி எக்செல் கோப்பாக ஏற்றியவற்றில் ஆண்டுக் கணக்கு. திரையில் பார்க்கும் எங்களுக்கு எண்ணின் பக்கத்திலேயே ஆண்டு, மாதம் என்று தெரிகிறது. கருவியோ அலகை உதிர்த்துவிட்டு வெறும் 9 என்று கொடுக்கிறது. அது ஒன்பது மாதம் என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டது.

அடுத்தது, நிலையை மாற்றும் கருவி. 'விண்ணப்பதாரரின் நிலையை மாற்றும்' என்பதுதான் அதன் முழு விளக்கம். திரையில் 'காத்திருப்பு' என்ற நிலை உண்டு. கருவியின் பட்டியலில் அது இல்லை. ஆகவே ஒதுக்கி வைக்க ஏஜென்டுக்குக் கிடைத்த ஒரே இடம் 'நிராகரிப்பு'. அந்த நிலைக்கு மாற்றினால் உடனே அஞ்சல் போகும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. நாங்கள் கையால் மாற்றும்போது 'அஞ்சல் அனுப்பவா?' என்று உங்கள் திரை கேட்கிறதே, அந்த ஒரு கேள்வி இங்கே எப்படி விட்டுப்போயிற்று?

இவற்றைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. எம்.சி.பி. 2024 நவம்பரில் வெளியானது. அதன் 2025 மார்ச் பதிப்பிலேயே, ஒரு கருவி படிக்க மட்டும் செய்யுமா, தரவை மாற்றுமா என்று அறிவிக்க இடம் வைத்துவிட்டார்கள். நீங்கள் நிலையை மாற்றும் கருவி உட்பட எல்லாவற்றையும் 'படிக்க மட்டும்' என்று குறித்திருக்கிறீர்கள். தரவை மாற்றும் கருவி என்றால் எங்கள் ஏஜென்ட் என்னிடம் அனுமதி கேட்கும். படிக்க மட்டும் என்றால் கேட்காது. உங்கள் குறிப்பை நம்பித்தான் அது கேட்காமல் விட்டது.

பெயர்ப் புலத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது உங்கள் விளக்கம். எங்கள் ஊரில் இருப்பது இனிஷியல். அதை எங்கே போடுவது என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

உங்கள் உதவி மையத்தில் கேட்டதற்கு, ஏ.ஐ. தவறு செய்யக்கூடும், கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் என்றால் சந்தேகம் வந்ததும் பக்கத்து மேசையில் கேட்பான். ஏஜென்டுக்குப் பக்கத்து மேசை கிடையாது; நீங்கள் எழுதிய விளக்கம்தான் அதற்கு எல்லாம். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பொறுப்பு என் தலையில்தான் விழும். அலகு இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு அதை நான் எப்படி நிறைவேற்றுவது?

ஒவ்வொரு புலத்துக்கும் அலகு, ஒவ்வொரு நிலைக்கும் பொருள், அந்த நிலைக்கு மாற்றினால் வெளியே யாருக்கு என்ன போகும் என்ற விவரம், இவை எல்லாக் கருவிகளிலும் வர வேண்டும். 'படிக்க மட்டும்' குறிப்பை இன்றே திருத்துங்கள். வெளியான அஞ்சல்களின் முழுப் பதிவையும் எனக்கு அனுப்புங்கள். தவறு மென்பொருள் விளக்கத்தில்தான் என்று உங்கள் பெயரில் ஒரு கடிதமும் வேண்டும். அந்த 17 பேரையும் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டேன். மூன்று பேர் இனி எங்களிடம் வர மாட்டோம் என்றார்கள். மற்றவர்களிடம் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன். அதுவரை உங்கள் ஏ.ஐ. இணைப்பைத் துண்டித்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்