வதக்குவது வேறு, வறுப்பது வேறு

சிறுவர் தமிழ்ப் பாடநூல் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ‘உணவும் பானமும்’ பாடத்தைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன், இரண்டு முறையும் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரே ஒரு வரி பதிலாக வந்தது. அதனால் இந்த முறை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரத் தேர்வில் ஒரு கோடிட்ட இடம்: “சிறிது எண்ணெயில் வெங்காயத்தை ________ வேண்டும்.” எட்டு வயது ஆகிற என் மகள் ‘வதக்க’ என்று எழுதினாள். சிவப்பு மையில் தப்பு போட்டு, பக்கத்தில் ‘வறுக்க’ என்று திருத்தித் தந்திருந்தார்கள். ஆசிரியரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த விடைக்குறிப்பு. பிள்ளை அழவெல்லாம் இல்லை. அன்று சாயங்காலம் நான் வாணலியில் வெங்காயத்தைப் போட்டதும் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா, இப்ப நீ செய்யறது தப்பா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இல்லாததால் நானே இரண்டு அடுப்பையும் பற்ற வைத்தேன். ஒன்றில் வெறும் வாணலியில் ஒரு கை துவரம்பருப்பு, இன்னொன்றில் எண்ணெயில் வெங்காயம். பருப்பு மெல்லச் சிவந்து, வாசம் வந்து, கரண்டி படும்போது கலகலவென்று ஓடியது. வெங்காயமோ தன் ஈரத்தை விட்டு, துவண்டு, கண்ணாடி மாதிரி ஆனது. “இது மொறுமொறுன்னு ஆகுது, அது தொங்கிப் போகுது” என்றாள். அவ்வளவுதான் பாடம், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெயிலில் செடி வதங்குகிறது, பசியில் பிள்ளையின் முகம் வதங்குகிறது, அதே சொல்தான் வாணலியிலும் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் அது மறக்காது.

சரி, ஒரு சொல்லில் தவறியிருந்தால் விட்டுவிடலாம். பின்பக்கச் சொற்பொருளைப் பாருங்கள். “பொரித்தல் – உணவைப் பொரித்துச் சமைத்தல்.” “தாளித்தல் – உணவைத் தாளித்துச் சமைத்தல்.” இதை எழுத ஒரு குழு தேவைப்பட்டதா? அவித்தல், வேகவைத்தல், காய்ச்சுதல் மூன்றுக்கும் சேர்த்து ‘நீரில் சமைத்தல்’ என்று ஒரே பொருள். பாலை யாராவது அவிப்பார்களா? மோர், பால், கஷாயம் எல்லாமே ‘ஒரு வகைப் பானம்’ என்று முடித்துவிட்டீர்கள், தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தால் மிஞ்சுவதுதான் மோர் என்று அரை வரி சேர்த்திருந்தால் காகிதம் ஒன்றும் கிழிந்திருக்காது. கடுகு வெடிக்கிற படத்துக்குக் கீழே “கடுகு மகிழ்ச்சியில் துள்ளுகிறது” என்று வேறு. உள்ளே இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் தோலை வெடித்துக்கொண்டு வருகிறது. எட்டு வயதுக்கு இது புரியும், நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வெறும் சொல் விவகாரம் என்றும் ஒதுக்க முடியாது. வதக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும், பொரிக்க வாணலி நிறைய வேண்டும், அது ஏறக்குறைய 180 டிகிரி சூட்டில் இருக்கும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ஈரக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி எண்ணெயை மேலே தெறிக்க வைக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று படித்த பிள்ளை நாளைக்குத் தனியாக அடுப்பு முன் நின்றால் என்ன ஆகும்?

வழவழப்பான தாள், தொப்பி போட்டுச் சிரிக்கிற கேரட் என்று எல்லாவற்றுக்கும் நேரம் இருந்திருக்கிறது, தினமும் சமைக்கிற ஒருவரைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்ட மட்டும் நேரம் இல்லை. சங்கப் பாட்டிலேயே தாளிப்புக்குக் ‘குய்’ என்று தனிச்சொல் இருக்கிறது. சமைப்பதற்கு ‘அடுதல்’ என்பார்கள், அதில் வந்ததுதான் அடுப்பு. இத்தனை சொல் வைத்திருக்கிற மொழிக்குப் பாடநூல் எழுத உட்கார்ந்துவிட்டு எல்லாவற்றையும் ‘சமைத்தல்’ என்ற ஒரே பானைக்குள் போட்டு மூடினால்... சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். விடைக்குறிப்பில் ‘வதக்க’ என்று திருத்தி, பள்ளிகளுக்கு உடனே தெரிவியுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் அந்தச் சொற்பொருள் பக்கத்தை, தயவுசெய்து, தினமும் சமைக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். வாணலியும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் முறையாக எழுதும் ஒரு அம்மா