உயிரியல் பட்டதாரிகளும் முதல் வேலையும்

ஐயா,

பி.எஸ்சி. நுண்ணுயிரியல், விலங்கியல் முடித்த பிள்ளைகள் பலர் முதல் வேலைக்கு மருத்துவமனை ஆய்வகங்களையே சுற்றி வருகிறார்கள். அங்கே கேட்பது டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) சான்றிதழ், வெறும் பட்டம் பெரும்பாலும் எடுபடாது. நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு மருந்து, உணவு, குடிநீர் நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களே தோதானவை.

நேர்காணலில் அடிப்படையைத்தான் கேட்கிறார்கள். ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தால் கிருமிகளை அழிக்கும் கலன்) என்றால் 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று ஒப்பித்தால் போதாது. உள்ளிருக்கும் காற்று முழுதும் வெளியேறுமுன் வால்வை மூடினால் அழுத்தமானி 15 காட்டும், வெப்பம் 121-ஐத் தொடாது, கிருமி பிழைத்துக்கொள்ளும். காரணம் சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு. பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்தறியும் கிராம் சாயமேற்றலும் அப்படித்தான்: நிறம் நீக்கும் ஆல்கஹால் கூடுதல் நேரம் பட்டால் ஊதாவாகத் தெரிய வேண்டிய பாக்டீரியா இளஞ்சிவப்பாகிவிடும்.

இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது. ஆனால் பல கல்லூரிகளில் ஆட்டோகிளேவை ஆய்வக உதவியாளர் இயக்க, மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வேதனையான நிலை இது. செய்முறைத் தேர்வில் ஒவ்வொருவரும் தாமே இயக்கிக் காட்டுவதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிந்தால் உதவித்தொகையுடன் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி பெற வழியுண்டு. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. வேலைக்கு முன்பணம் கேட்கும் முகவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

– கல்லூரி நுண்ணுயிரியல் ஆசிரியர்கள், திருச்சி