உழவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஜிங்க் தெளிப்பும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் அறிக்கையை மட்டும் வாங்கிப் படிக்கப்போகிறவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சில கூட்டங்கள் ஆள் வராததால் ஒத்திவைக்கப்பட்டன. மண் பரிசோதனை முகாம் நடந்தது. தெளிப்பான் பராமரிப்புப் பயிற்சி நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

சரி, ஆண்டு முழுக்க என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சங்கப் பணத்தில் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, தெளித்தீர்களே, மகசூல் கூடியதா?

கூடவில்லை. கூடும் என்று நான் சொல்லவும் இல்லை. மணியில் உள்ள சத்தைக் கூட்டும் சோதனைத் திடல் என்றுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கேட்டவர்களில் பலர் அதன் அடியில் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஜிங்க் பற்றாக்குறையான மண்ணில் அடியுரமாக ஜிங்க் சல்பேட் போட்டால் விளைச்சல் ஏறும். நம் திடலின் மண் அறிக்கையில் ஜிங்க் போதுமான அளவு என்று வந்தது. அது பயிருக்குப் போதுமான அளவு. அந்தத் தானியத்தையே பெரும்பங்கு உண்டு வாழ்கிறவரின் உடம்புக்கு அது போதாமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் சேரவிடாது. மனிதருக்கும் ஜிங்க் பற்றாக்குறை வரும் என்பதை 1960களில் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்து காட்டியவர் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர். ஈரானில் அவர் பார்த்தவர்களுக்கு முக்கிய உணவே ரொட்டிதான். வயிறு நிறைந்திருந்தது, சத்துதான் போதவில்லை. குழந்தைகளுக்கு ஜிங்க் குறைந்தால் வளர்ச்சி தடைபடும், வயிற்றுப்போக்கும் தொற்றும் எளிதில் பிடிக்கும்.

நிலத்தில் போட்டால் போதாதா, எதற்குத் தனியாகத் தெளிப்பு என்று கேட்டவர்களுக்காக ஒரு கணக்கு. துருக்கி, சீனா, பாகிஸ்தான் உட்பட 7 நாடுகளில் கோதுமையில் செய்து 2012இல் வெளியான சோதனையில், ஜிங்க் போடாத வயலில் ஒரு கிலோ தானியத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 27 மில்லிகிராம் ஜிங்க் இருந்தது. நிலத்தில் போட்டபோது கொஞ்சம்தான் ஏறியது. இலைவழி தெளித்தபோது 48 வரை போனது. நெல்லில் இவ்வளவு ஏற்றம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பின்னால் யாரும் மறைத்தான் என்று சொல்லக்கூடாது.

தெளிக்கும் நேரத்தில்தான் தகராறு வந்தது. பயிர் தூர் கட்டும் இளம்பருவத்திலேயே பூச்சிமருந்தோடு சேர்த்து அடித்துவிட்டால் ஒரு ஆள் கூலி மிச்சம் என்றார்கள். அப்போது அடித்தால் பெரும்பாலும் இலைக்குத்தான் போகும். மணிக்குப் போகவேண்டுமானால் கதிர் வந்தபின், பால் பிடிக்கும் பருவத்தில், வெயில் தாழ்ந்தபிறகு அடிக்கவேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ ஜிங்க் சல்பேட், அதாவது அரை சதவீதக் கரைசல். ஒரு உறுப்பினர் அதே டேங்கில் டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தையும் கலந்தார். திரிந்த பால் போலக் கட்டிகட்டியாகி நாசில் அடைத்துக்கொண்டது. பாஸ்பேட்டோடு ஜிங்க் சேர்ந்தால் அப்படித்தான் படியும். ஆனால் அதில் ஒரு பயனும் உண்டு: விலை குறைந்த மெக்னீசியம் சல்பேட்டை ஜிங்க் என்று கொடுத்திருந்தால் அப்படித் திரியாது. எனவே அவருடையது ஜிங்க் சரக்குதான் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். அவர் சமாதானமாகவில்லை.

இன்னொன்று: மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸ் உரத்தை, அளவுக்கு மீறிக் கொட்டினால் பயிர் ஜிங்க் எடுப்பது குறையும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சரியாக இருந்தால் மணியில் ஜிங்க் சேர்வது கூடும். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

இரும்பையும் இப்படியே தெளிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. இரும்பு மண்ணில் கட்டுண்டுபோகும், இலையில் அடித்தாலும் மணிக்கு அதிகம் நகராது. அதற்கு ரகத்தேர்வுதான் வழி. செலினியம் என்ற இன்னொரு நுண்சத்தைச் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு நிராகரித்தது. பின்லாந்தில் 1984இல் அரசே முடிவெடுத்து உரத்தில் செலினியம் கலந்தது, மக்கள் உடம்பில் அளவும் உயர்ந்தது, உண்மைதான். ஆனால் அங்கே மண், தீவனம், உணவு, இரத்தம் என எல்லாவற்றையும் தொடர்ந்து அளந்து, உரத்தில் கலக்கும் அளவை அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. கூட்டத்துக்கே ஆள் சேராத சங்கம் அதில் கைவைக்கக்கூடாது.

திடலின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி இரண்டிலும் எடுத்த தானிய மாதிரிகள் சீட்டு ஒட்டி, சுத்தமான பைகளில், சங்க அலமாரியில் இருக்கின்றன. ஆய்வகக் கட்டணம் கட்டப் பணமில்லை. சந்தா நிலுவை வைத்திருப்போர் பெயரை வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. முடிவு எங்கே என்று அதிகம் கேட்கிறவர்களும் நிலுவைப் பட்டியலில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏறக்குறைய சமமாக இருக்கிறது. சற்றே செலவுப் பக்கம் சாய்கிறது. தணிக்கையாளர் சில ரசீதுகளைக் கேட்டிருக்கிறார், தந்துவிடுவோம்.

திடலுக்கு நிலம் தந்த உறுப்பினருக்கும், தெளிப்பான் இரவல் தந்தவர்களுக்கும், ஒத்துழைப்பு தந்த, தரவிருக்கும் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தானியம் எடைக்குத்தான் விலைபோகிறது, அதில் உள்ள ஜிங்குக்கு யாரும் தனியாகத் தருவதில்லை. செலவு நமக்கு, பலன் உண்பவருக்கு என்பது நியாயமான குறைதான். ஆனால் ஜிங்க் நிறைந்த மணியை விதையாக எடுத்துவைத்தால், பற்றாக்குறை மண்ணில் நாற்று வீரியமாக வரும். அந்தப் பலன் நமக்கே. நாமும்தானே அந்தத் தானியத்தைச் சாப்பிடுகிறோம்? அப்புறம், செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் எனக்குத் தடையில்லை; அலமாரிச் சாவியோடு அந்தப் பைகளையும் ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் பால் பிடிக்கும் பருவத்தில் மறுபடி தெளிப்பு உண்டு. சேர விரும்புகிறவர்கள் வாசல் மேசையில் இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதலாம். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது. கூட்டம் கலையும்வரை பொருளாளர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.