ஐயாவின் பெட்டியில் கிடந்த தீர்ப்பு

காரைக்குடி

அன்புள்ள லெட்சுமணா,

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டி வலி தேவலையா?

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது ஐயாவின் இரும்புப் பெட்டியில் ஒரு அச்சுத்தாள் கிடைத்தது. மலேசியாவின் ஈப்போ ரப்பர் தோட்டத்து வழக்கில், வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு. நம் குடும்பத் தொழில் விலாசம்தான் வழக்கின் பெயர். மடிப்பு அப்பளமாக நொறுங்குகிறது. ஓரத்தில் ஐயா பென்சிலில் செலவுக் கணக்குப் போட்டிருக்கிறார்.

அப்போது ரங்கூன், பினாங்கு, மெட்ராஸ் எல்லாவற்றுக்கும் மேலே லண்டன். அங்கே சொன்னால் கட்டுப்பட்டாக வேண்டும். இந்தியாவில் நமக்கு அது 1949-இல் முடிந்தது, மலேசியாவில் உங்களுக்கு 1985-இல். அப்புறம் ஒரு நாட்டுக் கோர்ட் சொன்னதை இன்னொரு நாடு கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் கேட்கிறார்கள் பார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1965-இல் கான்ராட் என்ற ஜெர்மன் பேராசிரியர் காசிக்கு வந்து, அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று பேசினார். 1973-இல் கேரள மடத்துச் சாமியார் கேசவானந்த பாரதி போட்ட வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளில் 7 பேர், சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது என்றார்கள். நீதிபதி கன்னா தன் தீர்ப்பில் கான்ராடையே எடுத்துக் காட்டினார். 1989-இல் டாக்காவில் வங்கதேச உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

உங்கள் நாட்டில் 1977-இல் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா அதை ஏற்கவில்லை. மலேசியச் சட்டத்தை அதன் சொந்தச் சுவர்களுக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும் என்றார். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நம் ஆட்களின் வாதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே மறுத்தார்.

ஆனால் 2018-இல் என்ன நடந்தது! உங்கள் ஈப்போ இந்திரா காந்தி, பாலர் பள்ளி ஆசிரியை. இஸ்லாத்துக்கு மாறிய கணவர் அவளைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிவிட்டார். செல்லாது, தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றது கூட்டரசு நீதிமன்றம். சிவில் கோர்ட்டின் அதிகாரத்தை யாரும் பிடுங்க முடியாது என்று சொல்ல, 1977-இல் தள்ளிய அதே அடிப்படைக் கட்டமைப்பை நீதிபதி ஜைனுன் அலி எடுத்து வைத்தார். நம் நாட்டுச் சாமியார் கேசவானந்த பாரதி தன் மடத்து நிலத்துக்குப் போட்ட வழக்கு ஈப்போவில் ஒரு தாய்க்குக் கை கொடுத்திருக்கிறது. படித்தபோது கண் கலங்கிவிட்டது.

என்ன செய்ய, 11 மாதத்தில் தகப்பன் தூக்கிப்போன கடைக்குட்டி, தீர்ப்பு வந்த நாளிலும் தாய் கைக்கு வரவில்லை.

சரி, ஐயாவின் தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன். அந்தப் பென்சில் கணக்கு உங்கள் ஊர்க் காசான வெள்ளியிலா, ரூபாயிலா என்று பார்த்துச் சொல்.

உன்,
சாத்தப்பன்