ஆறு ஃபேன் எதுக்குடா மச்சான்

மச்சான்,

புது கம்ப்யூட்டருக்கு என்னென்ன வாங்கலாம்னு நீ பட்டியல் அனுப்பி மூணு வாரம் ஆச்சு. திட்டித் தீர்த்திருப்பே, தெரியும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், என் முழங்கால் மட்டும் பழையபடிதான். பதில் போடாததுக்குக் காரணம் சோம்பல் இல்ல. கம்ப்யூட்டரே செத்துப்போச்சு.

அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல உன் பட்டியல். கண்ணாடி கேபினட், கலர் கலரா மின்னற ஃபேன் ஆறு, தண்ணி கூலர். அதெல்லாம் போக மிச்சத்துல கிராபிக்ஸ் கார்டு தேடியிருக்கே. கண்ணை வித்துச் சித்திரம் வாங்கறதுன்னா இதுதான்டா! நீ எடுக்கப்போற ரைசன் 5 5600 பிராசஸர் வெறும் 65 வாட். அதுக்கு வேண்டிய கூலர் அந்தப் பெட்டிக்குள்ளேயே வருது. தண்ணியையும் ஆறு ஃபேனையும் தூக்கு, அந்தக் காசுல 8 ஜிபி கார்டா பாரு, ஆர்எக்ஸ் 6600 மாதிரி.

பிராசஸர் மட்டும் உருப்படியா எடுத்திருக்கே. ஆறு கோர், விளையாட்டுக்கும் வீட்டு வேலைக்கும் தாராளம். ஆனா கார்டு இல்லாம மானிட்டர்ல படம் காட்டற வசதி அதுல கிடையாது. கார்டை அப்புறம் வாங்கிக்கலாம்னு இருந்தே, இருட்டு மானிட்டரைப் பாத்துக்கிட்டு உக்காரணும். நம்ம கணக்குப்புலி ஏஎம்5-க்கு, அதான் அடுத்த தலைமுறை பிராசஸர் போடற போர்டுக்கு, போகச் சொல்வான். அதுல டிடிஆர்5 ராம்தான் பொருந்தும், பட்ஜெட் பிச்சுக்கும். அவன் பேச்சைக் கேட்டு நாம உருப்பட்ட கதைதான் தெரியுமே.

ராம் ஒரே 16 ஜிபி வேண்டாம், ரெண்டு 8 ஜிபி போடு. ரெண்டு பக்கமும் வழி திறக்கும். போர்டோட செட்டிங்ஸான பயாஸ்ல, ராமை முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்எம்பியை ஆன் பண்ண மறந்துடாதே, இல்லன்னா 3200 வேகத்துக்குக் காசு குடுத்துட்டு 2133-லயோ 2400-லயோ ஓட்டிக்கிட்டு இருப்பே. நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், சிரிக்காதே.

இப்ப எஸ்எம்பிஎஸ், எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பெட்டி. பட்டியல்லயே மலிவா அதைத்தான் போட்டிருக்கே, பேரே கேள்விப்படாத 750 வாட். அதைப் பாத்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. என்னோடதும் அப்படி ஒண்ணுதான், பெட்டி மேல 500னு போட்டிருந்துச்சு. எரிஞ்சு நாறினப்புறம்தான் ஸ்டிக்கரைப் படிச்சேன்: 12 வோல்ட்ல 22 ஆம்ப். பெருக்கிப் பாரு, 264 வாட். பிராசஸரும் கார்டும் குடிக்கறது அந்த 12 வோல்ட்லதான், மிச்சமெல்லாம் பெட்டி மேல எழுதின எழுத்து. 80 பிளஸ்னு முத்திரை இருந்தா மட்டும் நம்பிடாதே, அது எவ்வளவு கரண்ட் வீணாகுதுங்கற கணக்கு, உள்ள பாதுகாப்பு இருக்கான்னு சொல்லாது. உனக்கு நல்ல 550 வாட் போதும். விமர்சனம் தேடிப் படிச்சு வாங்கு, எவ்வளவு கேட்டாலும் குடு.

என்னோடது தனியாப் போகல மச்சான். போர்டையும் ஹார்டு டிஸ்கையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடுச்சு. போர்டு கெடக்கட்டும். அந்த டிஸ்குலதான் நாம கார் ரேஸ் விளையாடறப்ப பெரியவன் பின்னாடி உக்காந்து பண்ணின கமெண்டரி இருந்துச்சு. அவன் போனப்புறம் நான் அதை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்ல. இருக்குங்கறதே போதும்னு விட்டுட்டேன். வேற எங்கயும் காப்பி எடுத்து வெக்கல.

உன் பழைய போன்ல, மெமரி கார்டுல எங்கயாவது இருக்கான்னு பாரு. புது கம்ப்யூட்டர் பத்து நாள் தள்ளிப்போனாலும் பரவால்ல, இதை முதல்ல தேடு.

உன்
ஓட்டை ஸ்டியரிங்